இடது கட்டைவிரல்

ட்ரோன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: எவ்வளவு உயரம் போகும்? அடுத்தது, எத்தனை மெகாபிக்சல்? எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் திருப்தியாக எழுந்துவிடுவார்கள். நான் விடமாட்டேன். உட்காரவைத்து, டீ வரவழைத்து, கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லித்தருவேன். கையை எடுத்தால் நிற்குமா?

சோதிப்பது சுலபம். ஆளுயரத்தில் பறக்கவிட்டு, ரிமோட்டில் இருக்கும் இரண்டு குச்சிகளிலிருந்தும் விரல்களை எடுத்துவிட வேண்டும். நல்ல ட்ரோன் காற்றில் ஆணி அடித்து மாட்டியதுபோல அங்கேயே நிற்கும். காற்று தள்ளினால் எதிர்ப்பக்கம் சாய்ந்து கொடுத்து, முன்பு நின்ற இடத்துக்கே திரும்பி வரும். படம் பிடிக்கிற ட்ரோன் முதலில் ஒழுங்காக நிற்க வேண்டும். பறப்பதெல்லாம் அப்புறம்தான்.

இதை எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்த என்னுடைய ட்ரோன், கையை எடுத்தால் நிற்காது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரிமோட் ஸ்டூலிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இடது குச்சி கொஞ்சம் கெட்டுப்போனது. அந்தக் குச்சியை மேலும் கீழும் தள்ளினால் ட்ரோன் ஏறும், இறங்கும். இடமும் வலமும் தள்ளினால் நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்பும். விழுந்ததிலிருந்து, குச்சி நட்டநடுவில் நின்றாலும் 'கொஞ்சம் இடது பக்கம் திரும்பு' என்ற செய்தி போய்க்கொண்டே இருந்தது. அப்படியே விட்டால் மூன்று நிமிடத்தில் ட்ரோன் தன்னைத்தானே ஒரு முழுச்சுற்று சுற்றிவிடும்.

சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. ரிமோட்டின் செட்டிங்கில் போய், குச்சிகளை நான்கு பக்கமும் ஒருமுறை ஓட்டிக் காட்டி, இதுதான் நடு என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போது கல்யாண வேலைகள் வரிசையாக இருந்தன. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். ஒரு மாதத்துக்குள் என் இடது கட்டைவிரல் பாடம் கற்றுக்கொண்டது. குச்சியின் தலையில் உட்கார்ந்த மறுகணமே, ஒரு மயிரிழை அளவுக்கு வலப்பக்கம் அழுத்தும். செருப்பு கடிக்கிற இடத்தில் தோல் தடித்துப்போகுமே, அதுபோல. அதன் பிறகு நான் அதை மறந்தே போனேன். என் கையில் அந்த ட்ரோன் கோடு போட்டதுபோல நேராகத்தான் பறந்தது.

என் ஓரகத்தி இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டவள். கீழே ஸ்டுடியோ, மேலே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் தம்பி இருவரும் தரையில் நின்று கேமரா பிடிப்பார்கள், ஆகாயம் என்னுடையது. வந்த புதிதில் அவள் ஆல்பம் அடுக்குகிற வேலைதான் பார்த்தாள். போன வருஷம் ஒரு நாள் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று வந்தது. அவள் சேமிப்பில் அவளே வாங்கிய ட்ரோன்.

வீட்டிலிருந்த எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்து, "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார். வீட்டில் விவரம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விளக்காமல் இருக்கவும் எனக்கு வராது. அதனால் அவளுடையது ஏன் உசத்தி என்பதை என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

கேமராவைத் தாங்குகிற கழுத்தைக் காட்டினேன். நிறைந்த தண்ணீர்த் தம்ளரோடு ஓடுகிற பஸ்ஸில் நிற்கிறவர் என்ன செய்வார்? பஸ் இடப்பக்கம் சாய்ந்தால் கையை வலப்பக்கம் சாய்ப்பார். அதே வேலையை இந்தக் கழுத்தில் மூன்று குட்டி மோட்டார்கள் நொடிக்குப் பல நூறு தடவை செய்கின்றன. ட்ரோன் எப்படி ஆடினாலும் படம் ஆடாது. என்னுடையதிலும் மூன்று உண்டு, ஆனால் காற்று பலமானால் திணறும். அப்புறம் கேமராவுக்குள் வெளிச்சம் விழுகிற தகடு. அது பெரிதாக இருந்தால் வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் வாங்கிக்கொள்ளும். என்னுடையதில் அது சுண்டுவிரல் நகத்தில் பாதி. அவளுடையதில் கட்டைவிரல் நகம் அளவு.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உன்னுது?" என்றார்.

"என்னுதும் நல்லதுதான் அத்தை."

"இல்லன்னு யாரு சொன்னா?" என்று எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். அவள் மேல் குற்றம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கிடைத்தது ஒன்றே ஒன்று. அவள் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளுவதில்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளிப் பிடிப்பாள். "என்னம்மா, குழம்புக்கு உப்புப் போடற மாதிரி பிடிக்கிறே?" என்றேன் ஒரு நாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது ஒரு வாரத்துக்குத் தெம்பாக இருந்தது.

அப்போதுதான் அந்த இயக்குநர் வந்தார்.

அவருக்கு அது முதல் படம். ஒரு வீட்டுமனை விளம்பரத்தில் வந்த ஆகாயக் காட்சியைப் பார்த்துவிட்டு, எடுத்தது யார் என்று தேடி வந்திருந்தார். எடுத்தது அவள். ஆனால் என் கணவர், இங்கே பறக்கவிடுகிறவர்கள் இரண்டு பேர், அனுபவம் அதிகம் என் மனைவிக்கு என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவருக்கு இரண்டு கரண்டி கூடப் பரிமாறுகிறேன். இயக்குநர், அப்படியானால் இருவரும் வாருங்கள், ஒரே காட்சியை இருவரும் எடுங்கள், யாருடையது பிடிக்கிறதோ அவருக்குப் படம் முழுவதும் என்றார். போகும்போது, டைட்டிலில் 'ஆகாய ஒளிப்பதிவு' என்று தனியாகப் பெயர் வரும் என்றும் சொன்னார்.

எட்டு வருஷமாக நான் எடுத்த எதிலும் என் பெயர் வந்ததில்லை. ஸ்டுடியோ பெயர் வரும். அது என் மாமனாருடைய பெயர். எத்தனை மணமக்களை நான் மேலிருந்து பார்த்திருப்பேன், அத்தனையும் அவர் கணக்கில். அந்த டைட்டில் எனக்கு வேண்டும் என்று இருந்தது. அவளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்றும் இருந்தது. இதில் எது பெரிது என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமில்லாமல் இருந்தேன். அவள் படங்கள் நன்றாக இருப்பதற்கு அந்த மெஷின்தான் காரணம். அது என் கையில் இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஆகவே சாப்பாட்டு மேசையில் நானே சொன்னேன்: இருவரும் ஒரே ட்ரோனில், அவளுடைய புது ட்ரோனில், எடுப்போம். அப்போதுதான் கை எது, மெஷின் எது என்று தெரியும்.

அவள் முகம் கோணவில்லை. "சரிக்கா. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் எடுத்துப் பறக்கவிட்டுப் பாத்துக்கோங்க" என்றாள்.

"எட்டு வருஷமா பறக்கவிடறேன்மா. இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

பின்கட்டு முற்றத்தில், மாமியாரும் கொழுந்தனும் பார்க்க, அவளுடைய பொருளை வைத்துக்கொண்டு நான் பழகுவதா? அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் மட்டும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இறக்கைகளை மெல்லச் சுற்றினேன். கேமராவின் கழுத்தை விரலால் தொட்டேன், அது பூனைக்குட்டி மாதிரி நெளிந்தது. மூடிவைத்துவிட்டேன். பறக்கவிடவில்லை.

சோதனை நடந்த இடம் ஒரு கால்வாய்க் கரை. இரண்டு பக்கமும் சிமெண்டுக் கரை, ஒன்றரை கிலோமீட்டர் அளவுகோல் வைத்துக் கீறியதுபோல நேராக ஓடியது. கரைப் பாதையில் ஒரு பெண் சைக்கிளில் வருவாள். ட்ரோன் அவள் முகத்துக்கு முன்னால், அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே பறந்து வர வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் மெல்ல உயர்ந்து மொத்த ஊரையும் காட்ட வேண்டும். நடுவில் வெட்டு கிடையாது.

காலை வெயில் ஏறிவிட்டது. லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டச் சொன்னேன். இயக்குநர் ஏன் என்றார், விளக்கினேன். வெளிச்சம் அதிகமானால் கேமரா கண்ணை மிக வேகமாக மூடித் திறக்கும். ஒவ்வொரு படமும் கூர்மையாக வெட்டி வைத்ததுபோல இருக்கும், சேர்த்து ஓட்டினால் சைக்கிள் சக்கரம் விக்கி விக்கிச் சுழல்வது போலத் தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் நிதானமாக மூடும், அசைவு குழைந்து வரும். அவர் தலையாட்டினார். ஓரகத்தி தன் பெட்டியிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அந்த விளக்கத்தை நான் முந்திக்கொண்டு சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மனம் குளிர்ந்தது.

முதலில் அவள் எடுத்தாள். கால்வாய் நேராக இருந்தது. ஆனால் சைக்கிள் வேகம் கூடினபோது அவள் ட்ரோன் ஈடுகொடுக்கவில்லை, சைக்கிள் நெருங்கி, பெண்ணின் முகம் படச் சட்டத்தின் கீழ்விளிம்பைப் போய்த் தொட்டது. உயர்ந்ததும் கொஞ்சம் அவசரம். பரவாயில்லை ரகம். எனக்கு நெஞ்சு இனித்தது.

அடுத்து நான். குச்சிகளில் கட்டைவிரல்களை வைத்ததும் தெரிந்தது, எவ்வளவு பணிவான மெஷின். நினைத்தால் போதும், போனது. சைக்கிள்காரப் பெண் மூச்சு வாங்கினாள், வேகத்தைக் குறைத்தாள், கூட்டினாள், ஒவ்வொன்றுக்கும் நான் அவளோடு இருந்தேன். அவள் முகம் நான் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. பாதித் தூரத்தில் என் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"அக்கா. கட்டைவிரல்."

கவனத்தைக் கலைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் சும்மா இருக்கியா?"

இயக்குநரின் உதவியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

என் கையிலிருந்த சின்னத் திரை வெயிலில் மங்கித் தெரிந்தது. முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்து முடித்து, கூடாரத்துக்குள் இருந்த பெரிய திரையில் ஓட்டியபோதுதான் மீதி தெரிந்தது. பெண் நடுவிலேயே இருந்தாள். அவளுக்குப் பின்னால் கால்வாய் நகர்ந்துகொண்டிருந்தது. ட்ரோன் மெல்ல வலப்பக்கம் முகத்தைத் திருப்ப, நான் அனிச்சையாக இழுத்துக்கொள்ள, மறுபடியும் திருப்ப, மறுபடியும் இழுக்க. மூன்று நிமிடமும் அந்த நேர்க்கோட்டுக் கால்வாய் பாம்பு மாதிரி நெளிந்தது.

இடப்பக்கம் இழுக்காத ஒரு மெஷினை என் கட்டைவிரல் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இல்லாத நோய்க்கு மருந்து.

இயக்குநர் நாகரிகமானவர். முகத்தை இவ்வளவு அழகாகப் பிடித்துக்கொண்டு யாரும் பறந்து தான் பார்த்ததில்லை என்றார். ஆனால் கால்வாய் இப்படி நெளிந்தால் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும் என்றும் சொன்னார். பத்து நாளில் நிஜமான படப்பிடிப்பு இதே இடத்தில். அதற்குள் சரிசெய்துகொண்டால் வாருங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன். இல்லாவிட்டால் தங்கையே எல்லாவற்றையும் எடுக்கட்டும்.

தங்கை என்றார். சின்னவளிடம் தோற்றவள் நான் என்பதுபோல அதுவும் வலித்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வேனில் பாதி வழி வந்திருந்தோம். நான்தான் கேட்டேன், கட்டைவிரல் விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "உங்க ட்ரோன நான் எடுத்திருக்கேன்க்கா. நீங்க தூங்கற மத்தியானத்துல. ஒரு தடவ இல்ல, பத்துப் பதினஞ்சு தடவ. உங்க கையில அவ்ளோ நேரா போகுது, என் கையில இடப்பக்கமே திரும்பிட்டுப் போகுது. என் கைதான் சரியில்லன்னு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? அதனாலதான் புதுசு வாங்கினேன். பாத்தா இது நேரா பறக்குது. அப்புறம்தான் உங்க கட்டைவிரலையே பாக்க ஆரம்பிச்சேன்."

"அழுதியா?"

"பொறாமைல."

மூன்று வருஷத்தில் அவள் சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை அதுதான். படம் கைவிட்டுப் போகிற நிலையில் இருந்தும், வீடு வந்து சேரும்வரை உள்ளுக்குள் ஒரு சுகம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, எல்லோரும் இருக்கும்போதே அவளிடம் கேட்டேன், பத்து நாளைக்கு உன் ட்ரோன் வேண்டும் என்று. அவள் தருகிறேன் என்றாள். "ஆனா உங்களது எனக்குக் குடுங்க. ஒரு நாளாவது அத நேரா ஓட்டிக் காட்டணும்."

கொடுப்பதற்கு முன் மாடி அறையில் உட்கார்ந்து என் ரிமோட்டைத் திறந்தேன். செட்டிங்கில் அந்தப் பக்கம் வந்தது. இரண்டு நிமிடம். விரல் பொத்தான் மேலேயே நின்றது. இந்த வீட்டில் எல்லாமே பொது: அடுப்பு, வேன், ஸ்டுடியோ, மாமனார் பெயர். என் பேச்சை மட்டும் கேட்கிற ஒரே பொருள் அது. அழுத்தாமல் மூடினேன். கீழே போய் அப்படியே அவள் கையில் கொடுத்தேன்.

முதல் இரண்டு நாள் முற்றத்தில் ஒரு கூத்து. அவள் பக்கம் ட்ரோன் இடமாகத் திரும்பியது, என் பக்கம் வலமாகத் திரும்பியது. மாமியார் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மூஞ்ச திருப்பிக்குதே, யார் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

என் விரலை அடக்க நான் செய்யாத வித்தை இல்லை. பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தேன். விரலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தேன். கவனம் இருக்கிறவரை சரியாக இருக்கும். எதையாவது ரசித்தேனோ, போயிற்று. விரலுக்குப் போய்ச் சொல்லிப் புரியவைக்க முடியாது, அதற்குக் காது இல்லை.

மூன்றாம் நாள் காலை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். முற்றத்தின் நடுவில், ஆளுயரத்தில், என் ட்ரோன் நின்றுகொண்டிருந்தது. ஆணி அடித்து மாட்டியதுபோல. ரிமோட் அவள் பக்கத்தில் ஸ்டூலில் கிடந்தது. அவள் இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்தில் அது அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அவளுடைய ரிமோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.

"மேனுவல்ல இருந்துச்சுக்கா. ரெண்டு நிமிஷ வேல" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "இது உங்களுக்குத் தெரியாம இருக்காதே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஊருக்கே விளக்கம் சொல்கிற எனக்கு அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை.

"தெரியும். அஞ்சு வருஷமா தெரியும்."

"அப்ப வேணும்னுதான் அப்படியே குடுத்தீங்க."

"ஆமா."

அவள் டீயில் ஒரு மடக்குக் குடித்தாள். "நானா இருந்தாலும் அப்படியேதான் குடுத்திருப்பேன்."

கொஞ்ச நேரம் இருவரும் நின்று, நிற்கிற ட்ரோனைப் பார்த்தோம். பிறகு அவள் என் கையிலிருந்த ரிமோட்டைக் காட்டி, "கட்டைவிரல வெச்சுத் தள்ளாதீங்க. அது பழசத்தான் செய்யும். கிள்ளிப் பிடிங்க, உப்பு எடுக்கற மாதிரி. நீங்கதானே பேர் வெச்சீங்க" என்றாள்.

கிள்ளிப் பிடித்தேன். கட்டைவிரலுக்கு எதிரே ஆள்காட்டி விரல் வந்து நின்றதும், அது வலப்பக்கம் தள்ளப் பார்த்தபோதெல்லாம் இது தடுத்தது. கேமராவின் கழுத்தில் மூன்று மோட்டார் செய்கிற அதே வேலை. எனக்குப் புரிந்தது, பிடித்தும் இருந்தது. அவளுடைய பிடி என்பதுதான் பிடிக்கவில்லை. ஏழு நாளும் அப்படித்தான் பழகினேன். ஸ்டுடியோவுக்கு ஆள் வந்தால் மட்டும் பழையபடி கட்டைவிரலுக்கு மாறிக்கொள்வேன்.

பத்தாம் நாள் கால்வாயில் காற்று அதிகம். அதே புது ட்ரோனில் அவள் எடுத்தாள், நான் எடுத்தேன். பெரிய திரையில் என்னுடையது ஓடியபோது நான் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை, பின்னால் இருந்த இரண்டு கரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடமும் நேராக இருந்தன. இயக்குநர், "இதுதான்" என்றார். பிறகு அவளுடையதில் ஊருக்கு மேலே அசையாமல் நின்ற பாகத்தை மறுபடி ஓட்டிப் பார்த்து, நகர்ந்து போகிற காட்சிகளையெல்லாம் நான் எடுக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்று பார்க்கிற காட்சிகளை அவள் எடுக்கட்டும், டைட்டிலில் இருவர் பெயரும் வரும் என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஒழுங்காக நிற்பதுதான் முதலில் என்று எட்டு வருஷமாகச் சொன்னவள் நான். அந்தப் பாகம் அவளுக்குப் போனது மட்டும் முள்ளாக இருந்தது.

உதவியாளர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். டைட்டிலில் எப்படி வர வேண்டுமோ அப்படிப் பெயரை எழுதித்தரச் சொன்னார். நான் முந்திக்கொண்டு வாங்கி, தாளின் மேல்பாதியில் பெரிதாக, நிறுத்தி நிதானமாக என் பெயரை எழுதினேன். பிறகு அவளிடம் கொடுத்தேன். கீழே அவள் தன் பெயரை எழுதினாள், பேனாவையும் அதே மாதிரி கிள்ளிப் பிடித்துக்கொண்டு.

கையெழுத்தும் அவளுக்குத்தான் அழகாக இருந்தது.